ஆவட்டும் சார்

காலையில் கைபேசியில் ஏதோ ஒரு செயலி, 'நான் சம்மதிக்கிறேன்' என்ற கட்டத்தைத் தொடச் சொன்னது. விரல் அப்படியே நின்றுவிட்டது. சிரிக்காதீர்கள். அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் நான் இத்தனை காலம் பிழைத்தேன்.

கல்லூரியில் அரசியல் சிந்தனை வரலாறு என் பாடம். ஆளப்படுகிறவர்கள் ஆட்சிக்கு எப்படிச் சம்மதிக்கிறார்கள் என்று கல்வெட்டிலும் ஓலையிலும் தேடிக்கொண்டிருந்தேன். மனைவியை ஒரு வார்த்தை கேட்காமல் தாம்பரத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வந்தவனும் நான்தான்.

பச்சை வேர்க்கடலை வாசனை வந்தால் எனக்குச் சேரப்பணஞ்சேரிதான் ஞாபகம் வரும். ஒரகடம் பக்கம் தொழிற்சாலைகளுக்கு நிலம் எடுக்க ஆரம்பித்திருந்த தொண்ணூறுகளின் கடைசி. ஊராரின் மனநிலையை அறிந்து அறிக்கை தரும்படி நிலம் எடுக்கும் அரசு அலுவலகம் என்னைக் கேட்டது. எழுதிக்கொண்டிருந்த புத்தகத்துக்கும் ஒரு கடைசி அத்தியாயம் தேவையாக இருந்தது. நோட்டும் பேனாவுமாக வீடு வீடாகப் போனேன்.

கன்னியப்பன் தன் புஞ்சைக் கொல்லையில் உட்கார்ந்து செடியிலிருந்து கடலை ஆய்ந்துகொண்டிருந்தார். நிலத்தைக் கொடுக்கச் சம்மதமா என்று கேட்டேன்.

"ஆவட்டும் சார்" என்றார், தலையை நிமிர்த்தாமல். நான் 'சம்மதம்' என்று எழுதிக்கொண்டேன்.

அவர் மனைவி தனம் நோட்டை எட்டிப் பார்த்தார். "இன்னா சார் எழுதிக்கினீங்க?"

சொன்னேன்.

"அய்ய! ஆவட்டும்னா சம்மதமா? எங்க பொண்ணக் கேட்டு வந்தவங்களுக்கும் இத்தைத்தான் சொன்னாரு. அது இன்னும் வூட்லதான் கீது. மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு சொல்ல இந்த மனுசனுக்கு வாய் வராது!"

"படிச்சவருக்குத் தெரியாதாடி?" என்று கன்னியப்பன் சிரித்தார்.

நானும் சிரித்தேன். திரும்பும் பஸ்ஸில் நோட்டைப் புரட்டினால், ஏறக்குறைய எல்லா வீட்டிலும் 'ஆவட்டும்' என்றதைத்தான் 'சம்மதம்' என்று எழுதியிருந்தேன். திருத்தினால் அத்தியாயம் இல்லை. அத்தியாயம் இல்லையென்றால் பேராசிரியர் பதவி நேர்காணலுக்குக் காட்டப் புத்தகம் இல்லை. திருத்தவில்லை. அறிக்கையிலும் புத்தகத்திலும் 'இவ்வூரார் இசைந்தனர்' என்றே போனது. பதவி கிடைத்தது.

பிறகு ஒருநாள் கன்னியப்பன் கல்லூரிக்கே வந்துவிட்டார். இஸ்திரி போட்ட பழைய சட்டை, கையில் நிலம் எடுக்கும் நோட்டீசு.

"சம்மதிச்சிட்டோம்னு போட்டுகீது சார். நாங்க உங்களாண்டதானே பேசினோம்? அப்பிடிச் சொல்லலன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. கொல்லை தப்பிச்சிக்கும்."

எழுதினால் என் அறிக்கை பொய்யென்று நானே ஒப்புக்கொண்டதாகும்.

"ஆகட்டும், பார்க்கிறேன்" என்றேன்.

அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும். நோட்டீசை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "வரேன் சார்" என்று போய்விட்டார்.

இரண்டாம் பதிப்பு வந்தபோது எழுத்துப் பிழைகளையெல்லாம் திருத்தினேன். அந்த வரியைத் தொடவில்லை.

போன மாதம், மன்னிப்பாவது கேட்கலாம் என்று சேரப்பணஞ்சேரிக்குப் போனேன். கொல்லை இருந்த இடத்தில் நீள மதில். தொழிற்சாலை கேட்டுக்கு வெளியே கன்டெய்னர் லாரிகள். ஷிப்ட் முடிந்து வந்த திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருத்தியிடம், கன்னியப்பனைத் தெரியுமா என்று கேட்டேன்.

"எந்த லைன்ல வேலை பாக்காவ, சார்?"

"லைன் இல்லம்மா. இங்கே பயிர் வெச்சிருந்தவர்."

"இங்கனயா?" என்று அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள்.