இன்னொரு செட்

புத்தகத்தைப் பார்த்து எழுதும் பரீட்சை என்றால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். என் மனைவியும் சிரித்தாள். கணினியில் நடந்த குற்றத்துக்குத் தடயம் தேடுவது எங்கள் நிறுவனத்தின் தொழில். அதற்கான சான்றிதழ் பரீட்சைக்கு ஆறு தடித்த புத்தகங்கள். எல்லாவற்றையும் உள்ளே கொண்டுபோகலாம். ஆனால் அங்கே உட்கார்ந்து புரட்டிக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும். அதனால் எந்த விஷயம் எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கம் என்று அவரவர் ஓர் இண்டெக்ஸ் தயாரித்துக்கொள்ள வேண்டும். உண்மையில் படிப்பே அதுதான்.

அலுவலகத்தில் இரண்டு பேரை அனுப்பினார்கள். தடயவியல் குழுவில் காலியாக இருந்ததோ ஓர் இடம். அதிக மதிப்பெண்ணோடு தேறுபவருக்கு அது. பத்து வருடமாக அந்த இடத்துக்குக் காத்திருந்தவன் நான். இன்னொருத்தி என் பக்கத்து மேசைப் பெண். வேலைக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. ஜூரோங்கிலிருந்து ரயிலில் வரும்போதே மடியில் புத்தகத்தை விரித்து, நிறம் நிறமாகத் துண்டுக் காகிதம் ஒட்டி முடித்துவிடுவாள். என் இண்டெக்ஸ் G எழுத்தோடு நின்றிருந்தபோது அவள் இரண்டாம் முறை திருத்திக்கொண்டிருந்தாள். வயிறு எரிந்தது. அது வெளியே தெரியாமலிருக்கப் பெரிய மனிதன் வேஷம் போட்டேன். மதியச் சாப்பாட்டில் அவள் சந்தேகம் கேட்பாள், நான் விளக்குவேன், அவள் குறித்துக்கொள்வாள். அந்தக் கையெழுத்துகூட அழகாக இருந்து தொலைத்தது.

பரீட்சைக்கு மூன்று நாள் இருந்தபோது கேட்டாள்: “அண்ணே, நாளைக்கு தேக்கா பக்கம் போறீங்கல்ல? அங்க பிரிண்ட் கடையில என் இண்டெக்ஸ் கொடுத்திருக்கேன். எடுத்துட்டு வந்துடுறீங்களா?”

கடைக்கார பாய் அப்போதுதான் அச்சடிக்கத் தொடங்கியிருந்தார்.

“பாய், இன்னொரு செட் போடுங்க.”

“அந்தப் பொண்ணு ஒண்ணுன்னுதானே சொன்னுச்சு?”

“ரெண்டா மாத்திடுச்சு.”

“கலருமா?”

“கலரும்தான்.”

என் நாக்கு கூசவே இல்லை. மறுநாள் ஒன்றை அவளிடம் கொடுத்தேன். தேங்க்ஸ் சொல்லி ஒரு டப்பா முறுக்கு கொடுத்தாள். அதையும் தின்றேன்.

பரீட்சை அவளுக்குக் காலையில், எனக்குப் பிற்பகல். என் அரைகுறை இண்டெக்ஸை வீட்டிலேயே போட்டுவிட்டு அவளுடையதோடு போனேன். பத்து கேள்விக்குள் வியர்த்துவிட்டது. அழித்த கோப்புகள் எங்கே போகும் என்பதை R-இல் ரீசைக்கிள் பின் என்று தேடினேன். அவள் அதைக் குப்பை என்று K-யில் வைத்திருந்தாள். எல்லாமே அப்படித்தான். அவள் மூளைக்குள் இருக்கும் வழி அவளுக்குத்தான் தெரியும்.

பிறகு ஒரு கேள்வி. ஒரு கோப்பு உருவான தேதி, அது கடைசியாகத் திருத்தப்பட்ட தேதிக்குப் பிந்தியதாக இருக்கிறது. என்ன நடந்திருக்கும்? இண்டெக்ஸில் அது உடனே கிடைத்தது. ஆனால் பக்க எண் இருக்க வேண்டிய இடத்தில், ‘அண்ணன் சொன்னது’ என்று இருந்தது.

என்ன சொன்னேன் என்று எனக்கு நன்றாக நினைவிருந்தது. பராட்டாவைப் பிய்த்துக்கொண்டே சொன்னேன்: “அந்த ஃபைல் இங்க பொறந்தது இல்லம்மா. வேற ஒருத்தர் எழுதினத யாரோ காப்பி பண்ணிக் கொண்டாந்திருக்காங்க.”

சரியான விடையை அழுத்தினேன். அதற்குப் பின் வந்த கேள்விகளில் மனம் நிற்கவில்லை. தேறவில்லை என்று திரையிலேயே காட்டிவிட்டது.

மறுநாள் அலுவலகத்தில் எல்லாரும் அவளைச் சூழ்ந்துகொண்டு வாழ்த்தினார்கள். நானும் போய்ப் பல்லைக் காட்டிவிட்டு வந்தேன். அப்போதும் எரிச்சல் அடங்கவில்லை. அவள் தேறியதைவிட, அவ்வளவு சுலபமாகச் சிரித்ததுதான் தாங்கவில்லை. கூட்டம் கலைந்ததும் என் மேசைக்கு வந்தாள். கையில் அந்த இண்டெக்ஸ்.

“நீங்க சொல்லிக்கொடுத்ததாலதான் லா அண்ணே பாஸ் பண்ணேன். இது இனிமே எனக்கு எதுக்கு? அடுத்த தடவைக்கு நீங்க வச்சுக்குங்க. முன்னாடியே ஒரு காப்பி தரலாம்னு நெனச்சேன். உங்களுக்குப் போய் நான் தர்றதான்னு, தப்பா எடுத்துக்குவீங்களோன்னு விட்டுட்டேன்.”

இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டேன். உள்ளே வைக்கப் பையைத் திறந்தேன். இன்னொரு செட் அங்கேயே இருந்தது. அவள் கண்ணில் படாதபடி பையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.