படையலில் ஒரு சிப்பி

சிப்பி தின்னும் மனிதரோடு காலம் முழுக்கக் குடித்தனம் நடத்தியவள் நான். சனிக்கிழமைகளில் என் கணவர் லண்டன் டூட்டிங் மீன்கடையில் நின்றபடியே சிப்பி ஓட்டைத் திறக்கச் சொல்லி, தேசிக்காய் பிழிந்து விட்டு, பச்சையாகவே உறிஞ்சுவார். சளி மாதிரி நடுங்கும் அந்தச் சாம்பல் சதையைக் கண்டாலே எனக்குக் குமட்டும்.

“ஒண்டே ஒண்டு சாப்பிட்டுப் பாருமன்” என்பார். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே குளிரில் போய் நிற்பேன்.

அவர் இறந்தபின் எட்டுச் செலவு வந்தது. போனவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைக்கும் நாள் அது. அவரின் தங்கை, என் மச்சாள், நண்டுக் கறியும் கணவாயும் படைத்தாள். நான் அதே கடையில் திறந்து வாங்கிவந்த ஒரு சிப்பியை வாழையிலை ஓரத்தில் வைத்தேன்.

“சீ! உதையும் படைக்கிறதோ, மச்சாள்?” என்று அவள் முகம் சுளித்தாள்.

“ஓம். அவருக்கு உதுதான் விருப்பம்.”

படைத்ததை எல்லோரும் பகிர்ந்து சாப்பிட்டார்கள். சிப்பியை மட்டும் ஒருவரும் தொடவில்லை. குப்பையில் போட எனக்கும் மனம் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஓட்டை எடுத்து வாயில் கவிழ்த்தேன்.

குளிர்ந்த, உப்பான வழுவழுப்பு நாக்கில் புரண்டது. கடித்ததும் உள்ளே ஏதோ பிதுங்கியது. எப்படியோ விழுங்கிவிட்டேன். இத்தனை காலம் நான் நினைத்திருந்ததைவிட மோசம்.

“இதிலை என்ன ருசியைக் கண்டியள்?” என்று சண்டை பிடிக்கத் திரும்பினேன்.

அவர் எப்போதும் உட்காரும் கதிரையில் மச்சாளின் கைப்பை இருந்தது.