கோர்ட்டுக்கு வந்த பக்கத்து வீடு

நீதிமன்றத்தில் பயிற்சி மாணவிக்கு உள்ள ஒரே வேலை வாயை மூடிக்கொண்டு கவனிப்பது. அதைவிடக் கஷ்டமான வேலை உலகத்தில் இல்லை. சட்டம் படித்து அந்த நாற்காலியில் நடுங்கியவர்களுக்கு நான் சொல்வது புரியும். என் நடுக்கத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கென்று புதிதாக ஆரம்பித்த திட்டத்தில், கெடா மாநிலத்துப் புக்கிட் செலம்பாவ் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து போன முதல் ஆள் நான். மாஜிஸ்திரேட் என்னைப் பற்றி நல்லவிதமாக எழுதினால்தான் அடுத்த வருஷம் இன்னொரு பிள்ளைக்கு இடம். சொதப்பினால், கதவைச் சாத்திவிட்டு வந்தவள் என்ற பெயர் எனக்குத்தான்.

எங்கே உட்காருவது?

முதல் நாள் உள்ளே நுழைந்ததும் கால் தானாகக் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டது. சொந்தக்காரர் கேஸுக்கு வந்தபோதெல்லாம் எங்கள் வீட்டார் உட்கார்ந்த இடம் அதுதான். பக்கத்திலிருந்த அம்மா என் கறுப்புக் கோட்டைப் பார்த்தும் சந்தேகப்படவில்லை. "உள்ள இருக்கிறது உன் வீட்டுக்காரனா, தம்பியா?" என்று பரிவாக விசாரித்து ஒரு மிட்டாயும் கொடுத்தார். கோர்ட்டின் தமிழ் மொழிபெயர்ப்பாளர் சாந்தி அக்கா முன்னாலிருந்து கண்ணை உருட்டினார். பிறகு கிட்டே வந்து காதில் சொன்னார்:

"அது ஜாமின் எடுக்க வந்தவங்க பெஞ்சு மா. முன்னுக்கு வா லா, பாவம் மாதிரி உட்காராத."

கும்பிடு

மாஜிஸ்திரேட் இருக்கும்போது யார் வெளியே போனாலும் வாசலில் திரும்பி நின்று தலை குனிய வேண்டும். அது எனக்கும் தெரியும். ஆனால் பயத்தில் கையும் சேர்ந்து எழும்பிவிட்டது. மாரியம்மன் சன்னிதியில் நிற்பதுபோல் கை கூப்பி, கண்ணையும் மூடிவிட்டேன். திறந்தபோது, எல்லோரும் மரியாதையாகப் 'புவான்' என்று கூப்பிடும் மாஜிஸ்திரேட் அம்மா எழுதுவதை நிறுத்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை. சாந்தி அக்காவுக்கோ சிரிப்பு அடங்கவில்லை.

"தலை மட்டும் போதும் மா. தீபாராதனை நான் காட்டணுமா?"

ஞாயிற்றுக்கிழமை

கோயிலில் அம்மா சும்மா இருந்திருக்கலாம். மகள் கோர்ட்டில் இருக்கிறாள் என்ற சேதி பரவியதும் பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா வந்துவிட்டார். அவர் தம்பி சிவா, கிராண்ட் என்கிற உரிமைப் பத்திரம் இல்லாத மோட்டார் சைக்கிளை மலிவாக வாங்கி, திருட்டு மோட்டார் வைத்திருந்ததாகப் பிடிபட்டிருந்தான். கேஸ் எங்கள் கோர்ட்டில். கேஸ்காரர்களோடு நான் கேஸைப் பற்றிப் பேசவே கூடாது. தெரிந்தால் அன்றே அனுப்பிவிடுவார்கள். "சட்ட உதவி வக்கீல பாருங்க அக்கா, காசு கேக்க மாட்டாங்க. அதுக்கு மேல என்னால பேச முடியாது" என்றேன். அம்மா ஓவர்டைம் போன நாளெல்லாம் எனக்குச் சோறு போட்டவர் அவர். முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

"கோட்டு போட்டதும் பக்கத்து வீடு தெரியல லா."

கூண்டு

சிவாவின் நாள் வந்தது. யாரும் வக்கீலைப் பார்க்கவில்லை. சாந்தி அக்கா குற்றச்சாட்டைத் தமிழில் சொல்லி, ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டார். அவனுக்குக் குருண் ஃபேக்டரியில் மதிய ஷிப்ட்டுக்குப் போகிற அவசரம். ஆமாம் என்றால் சீக்கிரம் விட்டுவிடுவார்கள் என்று யாரோ சொல்லிவைத்திருந்தார்கள். ஆமாம் என்றால் ஜெயிலும் உண்டு, வேலையும் போகும். எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. வாயைத் திறந்தவன் என்னைப் பார்த்துவிட்டான். "அக்கா, என்னா சொல்லட்டும்?" என்று கூண்டிலிருந்தே கேட்டான்.

கோர்ட் முழுக்க என் பக்கம் திரும்பியது. தெரிந்தவரா என்று புவான் கேட்டார். இல்லை என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. எழுந்து, "கெனால், புவான். ஜிரான் சாயா" என்றேன். தெரியும், என் பக்கத்து வீடு. கேஸ் முடியும்வரை வெளியே இருக்கச் சொன்னார். படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். முகம் தெரியாத ஒரு பிள்ளையின் இடத்தையும் சேர்த்துத் தொலைத்துவிட்டேன் என்றே நினைத்தேன். முதலில் சட்ட உதவி வக்கீலிடம் பேசிவிட்டு வா என்று சிவாவின் கேஸைப் புவான் தள்ளிவைத்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

சாயங்காலம் புவான் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். சிரிக்காமல், மலாயில், நிதானமாகச் சொன்னார்:

"தெரியாது என்று சொல்லியிருந்தால் இன்றோடு உன்னை அனுப்பியிருப்பேன். அடுத்த வருஷமும் எஸ்டேட் பிள்ளையையே அனுப்பச் சொல்லி எழுதுகிறேன்; ஆனால் பக்கத்து வீட்டில் கேஸ் இல்லாத எஸ்டேட்டாகப் பார்க்கச் சொல்."

அப்படி ஓர் எஸ்டேட் கெடாவில் எங்காவது இருந்தால் எனக்கும் சொல்லுங்கள், அம்மாவை அழைத்துக்கொண்டு நானே அங்கு குடிபோகிறேன்.