கலங்கரை விளக்கில் கற்பூரம்

லோகநாதனுக்குப் பெண் கிடைக்காததற்கு அவன் மூக்கோ நிறமோ ஜாதகமோ காரணம் இல்லை. சென்ட்ரல் கவர்ன்மென்ட் உத்தியோகம், பென்ஷன், குவார்ட்டர்ஸ் எல்லாம் இருந்தது. ஆனால் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று பெண் வீட்டார் கேட்டால், ராத்திரி பூரா விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார் என்றுதான் அவன் அக்கா செல்லியம்மாள் சொல்ல வேண்டியிருந்தது. பகலில் என்ன செய்வார் என்பது அடுத்த கேள்வி. தூங்குவார் என்று சொன்னதும் ஜாதகம் திரும்பி வந்துவிடும்.

கேளம்பாக்கத்துக்குக் கிழக்கே பஸ் திரும்புகிற இடத்தையும் தாண்டி, சவுக்குத் தோப்புக்கு அப்பால், கடலை ஒட்டி நின்றது அவன் காவல் காத்த கலங்கரை விளக்கம். பக்கத்தில் ஒரு சின்ன மீனவக் குப்பம். மற்றபடி எந்தப் பக்கம் திரும்பினாலும் மணல். முறை மாற்றிக்கொள்ள அசரியா என்று ஒருவர் கூட இருந்தார். வருஷத்தில் பாதி நாள் அவர் லீவில் இருப்பார். லோகநாதன் சாயங்காலம் படியேறி விளக்கைப் போடுவான், சுற்றுகிற லென்ஸை ஓடவிடுவான், விடியும்வரை அதற்குக் காவலிருந்து, விடிந்ததும் அணைத்துவிட்டுக் கண்ணாடிக் கூண்டைச் சுற்றித் திரை இழுத்து மூடுவான். அந்தத் திரைதான் முக்கியம். ராத்திரி விளக்கின் வெளிச்சத்தை அள்ளிக் கடலுக்கு வீசுகிற அதே லென்ஸ், பகலில் வெயிலை அள்ளி விளக்கின் மேலேயே கொட்டும். மூடாமல் விட்டால் உள்ளே எது இருந்தாலும் பற்றிக்கொள்ளும். சொந்தக்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்கிற முயற்சியை அவன் எப்போதோ கைவிட்டிருந்தான்.

லீவில் சொந்த ஊரான இரும்புலியூர் போனால் இன்னும் கஷ்டம். ஊரே தூங்குகிற நேரத்தில் இவன் மொட்டை மாடியில் நின்று ஜி.எஸ்.டி. ரோடு விளக்குகள் எல்லாம் எரிகின்றனவா என்று பார்த்துக்கொண்டிருப்பான். அடுத்த வீட்டுக்காரர் ஒருமுறை திருடன் என்று நினைத்துப் பெருங்கூச்சல் போட்டுவிட்டார். சித்தப்பா மகள் ரிசப்ஷனில் சூரியன் இறங்குகிற நேரம் பார்த்து, பாதிச் சாப்பாட்டில் இலையை விட்டு எழுந்து வாசல்வரை போய்விட்டான். கால் தானாகப் போயிற்று, பாவம்.

எண்பத்தாறாம் வருஷம் குன்றத்தூர் பக்கமிருந்து ஒரு இடம் வந்தது. பெண் பெயர் ஜெயக்கொடி. போட்டோவைப் பார்த்த அன்றே லோகநாதனுக்குப் பிடித்துப்போயிற்று. அப்பா அரிகிருஷ்ணன் சாது. அவர் எதற்கும் வாய் திறக்கத் தேவையில்லாமல் பார்த்துக்கொண்டவர், பெண்ணின் தாய்மாமன் துரைராஜ். செங்கல் சூளை வைத்திருந்தார். அந்த வீட்டில் அவர் சரி என்றால் சரி, வேண்டாம் என்றால் வேண்டாம். பெண் வாழப்போகிற இடத்தைத்தான் பார்க்க வேண்டும், இரும்புலியூர் வீட்டைப் பார்த்து என்ன பிரயோஜனம் என்று அவர் சொல்லிவிட்டார். எப்படியும் கல்யாண வேண்டுதலாக ஜெயக்கொடிக்கு மாலை போட்டுச் சுற்றிவர வியாழக்கிழமை திருவிடந்தை கோயிலுக்கு வருகிறார்கள், அப்படியே கலங்கரை விளக்கத்துக்கும் வந்துவிடுவதாக ஏற்பாடு. கல்யாணத்துக்கு முன்னால் பெண் மாப்பிள்ளை வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்பதால் அவள் மட்டும் வேனிலேயே இருப்பாள்.

செல்லியம்மாள் முதல் நாளே வந்து இறங்கினாள். உள்ளே நுழைந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"இன்னாடா இது, குடோன் மாதிரி கீது. இத்த பாத்துட்டு எவன்டா பொண்ணு குடுப்பான்?"

அவள் தோய்த்ததில் குவார்ட்டர்ஸில் துணி என்று எதுவும் உலர்ந்த நிலையில் இல்லை. மேலே போகாதே, போனாலும் எதையும் தொடாதே என்று லோகநாதன் எச்சரித்துவிட்டு, மறுநாள் காலை டூட்டி முடிந்து படுத்தான். அவன் தூங்கியதும் அவள் மேலே போனாள். ஒரு வீட்டில் ஒரே ஒரு அறையை மட்டும் பார்க்காதே என்றால் எந்த அக்கா சும்மா இருப்பாள்? போய்ப் பார்த்தால் அழுக்குத் திரை. எதையும் தொடாதே என்றுதானே சொன்னான், திரை எதில் சேர்த்தி? உச்சி வெயிலில் அத்தனையையும் கழற்றிக் கீழே கொண்டுவந்து சோப்பில் ஊறப்போட்டாள். திரும்பப் போய், ஆள் உயர லென்ஸுக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டாள். பல்பு மாற்றுவதற்கு வைத்திருந்த சின்னக் கதவைத் திறந்து, பல்பின் காலடியில் பித்தளைத் தட்டில் கற்பூரமும் வைத்தாள். விருந்தாளிகள் வந்ததும் கொளுத்தலாம் என்பது அவள் திட்டம்.

ராகு காலம் கழிந்து வேன் வந்தது. லோகநாதன் அவசரமாக எழுந்து, முகம் கழுவி, சட்டை மாட்டிக்கொண்டு ஓடிவந்தான். வேன் ஜன்னலில் ஜெயக்கொடி தலையை நீட்டி, கோபுரத்தின் உச்சியை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். போட்டோவைவிட நேரில் நன்றாக இருந்தாள். அவனுக்குக் கேசரி இறங்கவில்லை.

துரைராஜுக்கு நன்றாகவே இறங்கியது. தட்டைக் காலி செய்துவிட்டு, இந்த விளக்கைப் பார்த்துக்கொண்டுதானே கப்பலெல்லாம் இங்கே வருகிறது என்று கேட்டார். வராமல் இருப்பதற்குத்தான், கிட்டே வந்தால் தரை தட்டிவிடும் என்றான் லோகநாதன். துரைராஜ் வாழைக்காய் பஜ்ஜியைக் கீழே வைத்தார்.

"வரக்கூடாதுன்னா இருட்டா வுட்டுட வேண்டிதானே. வெளக்கு போட்டா எவனா இருந்தாலும் வரத்தான் செய்வான்."

இத்தனை வருஷ சர்வீஸில் யாரும் இப்படிக் கேட்டதில்லை. துரைராஜ் அதோடு எழுந்து, கிருத்திகைக்குக் கிருத்திகை குன்றத்தூர் மலை ஏறுகிறவனுக்கு இந்தப் படியெல்லாம் எம்மாத்திரம் என்று ஏறத் தொடங்கிவிட்டார். பின்னாலேயே செல்லியம்மாள். அரிகிருஷ்ணன் வளைவுக்கு வளைவு நின்று மூச்சு வாங்கினார். அவரைத் தாண்டிப் போவது மரியாதையில்லை என்று லோகநாதனும் நின்று நின்று ஏறினான்.

மேலே வந்ததும் அவன் கண் முதலில் திரையைத் தேடியது. கூண்டைச் சுற்றித் திரையே இல்லை. உச்சியில் இருந்தவரை கூரை மறைத்திருந்த வெயில், இப்போது தாம்பரம் பக்கம் சாய்ந்து தங்குதடையில்லாமல் லென்ஸில் விழுந்துகொண்டிருந்தது. அக்கா என்று அவன் வாய் திறப்பதற்குள், பல்பின் காலடியில் லேசாகப் புகை எழுந்தது. அடுத்த நொடி கற்பூரம் தானாகப் பற்றிக்கொண்டு நின்று எரிந்தது.

யாரும் தீக்குச்சி கிழிக்கவில்லை. துரைராஜின் தோளில் இருந்த துண்டு இடுப்புக்கு இறங்கியது. அரிகிருஷ்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். செல்லியம்மாளுக்குப் பெருமையில் கண் கலங்கிவிட்டது.

"சாமியே உத்தரவு குட்த்துடுச்சி," என்றார் துரைராஜ். "இனிமே பேச்சே இல்ல. தை மாசம் முகூர்த்தம்."

லோகநாதன் வாயை மூடிக்கொண்டான். வெயில் செய்த வேலை என்று அவனுக்குத் தெரியும். ஆனால் திரும்பி வந்த ஜாதகங்களெல்லாம் ஒரே நிமிஷத்தில் பொருந்திவிட்ட மாதிரி இருந்தது. நாம் ஒன்றும் பொய் சொல்லவில்லையே, சும்மாதானே நிற்கிறோம் என்று தன்னைத் தேற்றிக்கொண்டான். அவன் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக அதற்குமுன் சும்மா நின்றதில்லை.

துரைராஜோ சும்மா இருக்கிற ஆள் இல்லை. வெளி வராந்தாவில் நின்று எட்டிப் பார்த்து, ஜோதி தெரிந்த கதையைக் கீழே வேனுக்கும் குப்பத்துக்கும் சேர்த்து அறிவித்தார். மீன் விற்கிற முத்தாலம்மாள் தலைமையில் குப்பத்துப் பெண்கள் தேங்காயும் பொட்டலம் பொட்டலமாகக் கற்பூரமுமாக ஏறி வந்துவிட்டார்கள். துரைராஜ் லென்ஸுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து சாமியிடம் கேட்க ஆரம்பித்தார். சூளைக்குப் பக்கத்து நிலத்தை வாங்கலாமா? கற்பூரம் குப்பென்று பற்றியது, வாங்கலாம். மகனுக்கு லாரி எடுக்கலாமா? எடுக்கலாம். எடுத்தால் பழசா, புதுசா? சாமி இரண்டுக்கும் பற்றியது. கேட்டதற்கெல்லாம் சரி சொல்கிற சாமியை அவர் அன்றுதான் பார்க்கிறார். குன்றத்தூர் முருகனிடம்கூட இந்த வசதி கிடையாது.

அப்போது டக்கென்று ஒரு சத்தம். கற்பூரச் சூட்டில் பல்பு வெடித்துவிட்டது. லென்ஸெல்லாம் கரி, குங்குமம், புகை. வெளியே சூரியன் பனைமர உயரத்துக்கு வந்திருந்தது. இருட்டுவதற்குள் பல்பை மாற்றி, லென்ஸைத் துடைத்து, விளக்கைப் போட்டாக வேண்டும். குப்பத்துக் கட்டுமரங்கள் இன்னும் கடலில்தான் இருந்தன. முத்தாலம்மாள் மகனே போயிருந்தான்.

லோகநாதன் எல்லோரையும் கீழே இறங்கச் சொல்லிக் கும்பிட்டுக் கேட்டான். சாமி பேசிக்கொண்டிருக்கிற இடத்திலிருந்து இறங்கச் சொல்ல நீ யார் என்றார் துரைராஜ். அவருக்கு இன்னும் நிறையக் கேள்வி பாக்கி இருந்தது. தை மாச முகூர்த்தத்தை லோகநாதன் ஒரு கணம் நினைத்துப் பார்த்தான். பிறகு சொல்லிவிட்டான்.

"இது சாமி இல்ல சார். வெயிலு. நான் மறைச்சிக்கினு நின்னா எரியாது."

செல்லியம்மாள் தம்பியைக் கொலைப் பார்வை பார்த்தாள். துரைராஜ் புதுக் கற்பூரம் ஒன்றை எடுத்துத் தட்டில் வைத்தார்.

"மறைச்சிக்கோ. நான் கேக்கறத கேக்கறேன்."

லோகநாதன் மேற்குப் பக்கக் கண்ணாடியை ஒட்டி, இரண்டு கையையும் அகல விரித்து நின்றான். அவன் நிழல் லென்ஸில் முழுதாக விழுந்தது. துரைராஜ் கண்ணை மூடிக் கைகூப்பினார்.

"சாமி, இந்தப் பையனுக்கு எங்க ஜெயக்கொடிய குடுக்கலாமா?"

பாவி மனுஷன், உலகத்தில் வேறு கேள்வியே இல்லாத மாதிரி இதைக் கேட்டார். கற்பூரம் அப்படியே கிடந்தது. ஒரு அடி, ஒரே ஒரு அடி தள்ளி நின்றால் போதும், பற்றிக்கொள்ளும். செல்லியம்மாள் கண்ணாலேயே அவனைத் தள்ளப் பார்த்தாள், நகருடா என்று உதட்டைக்கூட அசைத்தாள். லோகநாதனுக்கு அழுகை வந்தது. முதுகில் வெயில் சுட்டது. ஆனால் இந்தக் கற்பூரம் பற்றினால் இவர் விடியும்வரை எழுந்திருக்கப் போவதில்லை. விரித்த கையை அவன் இறக்கவே இல்லை.

துரைராஜ் ரொம்ப நேரம் காத்திருந்துவிட்டுக் கண்ணைத் திறந்தார். வெயில் என்றதை அவர் காதில் போட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை.

"சாமி வேணாம்னுடுச்சி," என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். சாமி பேச்சை நிறுத்திவிட்டதால் குப்பத்துப் பெண்களும் இறங்கினார்கள். செல்லியம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டே போனாள். கடைசியாக அரிகிருஷ்ணன், படியில் இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

லோகநாதன் பல்பை மாற்றினான். தன் நல்ல சட்டையைக் கழற்றி லென்ஸைத் துடைத்தான், கீழே உலர்ந்த துணி எதுவும்தான் இல்லையே. சந்தனம் சுலபத்தில் போகவில்லை. அக்காவைத் திட்டினான், துரைராஜைத் திட்டினான், கடைசியில் தன்னையும் திட்டிக்கொண்டான். இருட்டு விழுகிற சமயத்தில் விளக்கு எரிந்து லென்ஸ் சுற்ற ஆரம்பித்தது. கட்டுமரங்கள் ஒவ்வொன்றாகக் கரையைப் பார்த்துத் திரும்புவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பனியனோடு கீழே இறங்கினான்.

வாசலில் வேன் இன்னும் நின்றுகொண்டிருந்தது. துரைராஜ் டிரைவர் பக்கத்து சீட்டில், கடலைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோபுரத்தின் கடைசிப் படியில் ஜெயக்கொடி உட்கார்ந்திருந்தாள். மிதிக்கக் கூடாத வாசலை மிதித்து வந்து, மாப்பிள்ளையை ஒரு வார்த்தை கேட்காமல் வேனில் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். பக்கத்தில் அரிகிருஷ்ணன் நின்றிருந்தார். அவனைக் கண்டதும் அவள் எழுந்தாள்.

"ஒரு அடி நவுந்து நின்னிருந்தா எரிஞ்சிருக்குமாமே. அப்பா சொன்னாரு. ஏன் நவுரல?"

லோகநாதனுக்குப் பனியனோடு நிற்கிறோமே என்ற கவலைதான் முதலில் வந்தது. கையால் மார்பை மறைத்துக்கொண்டான்.

"கட்டுமரமெல்லாம் கடல்ல இருந்திச்சி. வெளக்கு போடணும். உங்க மாமா எந்திரிக்கவே மாட்டேன்னுட்டாரு."

அவள் வேனை ஒரு பார்வை பார்த்தாள்.

"இதுக்கு முன்னாடி வந்தவங்கல்லாம் மாமா இன்னா சொன்னாலும் தலைய ஆட்டிக்கினு, பஜ்ஜி துன்னுட்டு போனாங்க. எங்க மாமா முன்னால நவுராம நின்ன மொத ஆளு நீங்கதான். எனக்கு இவரே போதும்பா."

கடைசி வாக்கியம் அப்பாவுக்கு. அரிகிருஷ்ணன் ஒருமுறை தொண்டையைக் கனைத்தார். அன்று முழுக்க லோகநாதனிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அடுத்து வந்ததுதான்.

"எனக்கும் மேலயே அதான் தோணிச்சி, மாப்ள," என்றார். வேனுக்குக் கேட்டுவிடாதபடி மெதுவாகத்தான் சொன்னார்.