கிம் நியோ மிச்சம் வைத்த தேநீர்

எங்கள் கோயில் மண்டபத்துச் சுவரில் பெரிய மயில் ஒன்று வரைந்திருக்கிறது. அதன் தோகைக்குக் கீழேதான் கிம் நியோ அக்கா படுப்பார். படுப்பார் என்பது பேச்சுக்குத்தான். அவர் படுத்து நான் பார்த்ததே இல்லை. சுவரில் முதுகைச் சாய்த்து, கன்னத்தை ஒரு கையில் தாங்கி, உட்கார்ந்தபடியே தூங்குவார். முன்னால் ஒரு கோப்பை இருக்கும். அதில் பாதித் தேநீர் ஆறிப் போயிருக்கும்.

வீடில்லாத பெண்கள் இரவில் தங்க மண்டபத்தைத் தர முடியுமா என்று நகர மன்றத்து ஆட்கள் வந்து கேட்டார்கள். கோயிலில் கூடிப் பேசிச் சரி என்றார்கள். மண்டபத்தைக் கூட்டித் துடைப்பது என் வேலை. விடியும்போது முருகனுக்குப் பால் காய்ச்ச ஓர் அடுப்பு, அவர்களுக்குத் தேநீர் போட ஓர் அடுப்பு. இரண்டும் அவனுக்குத்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

கிம் நியோ அக்கா சீனர். அறுபது தாண்டிவிட்டது. பிள்ளைகள் இல்லை. கணவர் போன பிறகு தம்பி வீட்டில் இருந்தார். தம்பி வீட்டை விற்றுவிட்டு எல்லைப் பாலம் தாண்டி ஜொகூருக்குப் போனபோது, அக்காவின் கையில் இரண்டு பைகள் மிஞ்சின. பகலில் உணவங்காடியில் தட்டுக் கழுவுவார். இரவில் பிடோக் பேருந்து நிலையத்துப் பக்கம் விடிய விடியத் திறந்திருக்கும் பர்கர் கடையில் உட்கார்ந்திருப்பார். அப்படியே சில வருஷம் போயிற்று. அங்கிருந்துதான் எங்கள் மண்டபத்துக்கு வந்தார். நாங்கள் பேசிக்கொண்டது கடைத்தெரு மலாயில். என் காதில் அது தமிழாகவே நின்றுவிட்டது.

காலையில் முதல் வேலையாகக் கனவு சொல்வார்.

"ஒன் மயிலு ராத்திரி எறங்கி வந்துச்சு, தெய்வான."

"வந்து?"

"என் பையக் கவ்விக்கிட்டு முன்னால நடந்துச்சு. எங்க போறன்னு கேட்டா பதிலே இல்ல. திமிரு புடிச்ச மயிலு."

"சாமி மயிலுக்கா. மரியாதையா பேசுங்க."

"மரியாதையாத்தான் பின்னாலயே போனேன். எடம் வர்றதுக்குள்ள நீ மணி அடிச்சு எழுப்பிட்ட."

அந்த நேரத்தில் மண்டபத்தில் விளக்கு வெளிச்சமும் வெளி வெளிச்சமும் கலந்து நிற்கும். அவர் சொல்லச் சொல்ல, சுவரில் மயில் கொஞ்சம் நகர்ந்துதான் நிற்கிறதோ என்று எனக்கே தோன்றும். ஒருநாள் அவர் முன்னால் இருந்த ஆறின கோப்பையை எடுக்கக் குனிந்தேன். கண்ணைத் திறக்காமலே உள்ளங்கையால் அதை மூடிக்கொண்டார். அதன் பிறகு நான் அதைத் தொட்டதில்லை.

அரசாங்க வீட்டுவசதி அலுவலகத்திலிருந்து மிஸ் சூ என்ற பெண் வருவாள். சின்ன வயது, நல்ல மனசு. வாடகை குறைந்த ஓரறை வீடு ஒன்று இருக்கிறது, ஆனால் தனி ஆளுக்குத் தர மாட்டார்கள், இரண்டு பெண்களாகச் சேர்ந்து எடுக்க வேண்டும் என்றாள். ஒருவர் விட்டுப் போனால் மற்றவரும் சாவியைத் திருப்பித் தந்துவிட்டு, வேறு துணை கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டுமாம். துணைக்கென்று அவள் கூட்டிவந்தது ஸலேஹாவை. மலாய்க்காரர், புருஷன் தள்ளிவைத்தவர். விமான நிலையத்தில் இரவெல்லாம் துப்புரவு வேலை. பகலில் கடற்கரையில் குடை விரித்து, அதன் நிழலில் தூங்கிக்கொண்டிருந்தவர்.

பெண் பார்க்க வந்த மாதிரி இரண்டு பேரும் மயிலுக்குக் கீழே எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

"நீ கொறட்டை விடுவியா?" என்று ஆரம்பித்தார் கிம் நியோ அக்கா.

"நான் தூங்கறப்ப நீங்க வேலையில இருப்பீங்க. விட்டா செவுத்துக்குத்தான் கேக்கும்."

"பன்னி சமைக்க மாட்டேன். கீழ கடையிலயே தின்னுட்டு வாயக் கொப்புளிச்சிட்டு ஏறி வரேன்."

"வாய் ஒங்க வாய்க்கா. சட்டி மட்டும் என்னோடதா இருக்கட்டும்."

மிஸ் சூ என்னைப் பார்த்துச் சிரித்தாள். காரியம் முடிந்துவிட்டது என்று நினைத்தோம்.

வீடு மேல் மாடியில். சன்னலைத் திறந்தால் கட்டடங்களுக்கு நடுவே ஒரு நாடா அகலத்துக்குக் கடல் தெரியும். அதில் கப்பல்கள் போவது மாதிரியும் இருக்கும், நிற்பது மாதிரியும் இருக்கும். ஒரே அறையில் இரண்டு பேர் இருந்தார்கள், ஆனால் சேர்ந்து இருந்த நேரம் கொஞ்சம்தான். ஒருவர் வேலைக்கு இறங்கும்போது மற்றவர் வேலை முடிந்து ஏறுவார். மின்தூக்கி வாசலில் பார்த்தால் உண்டு. மற்றபடி ஸலேஹாவுக்கு அக்கா என்பது வெதுவெதுப்பாக இருக்கும் கெட்டில், ஆரஞ்சுத் தோல் வாசனை. அக்காவுக்கு ஸலேஹா என்பது மடித்து வைத்த தொழுகை விரிப்பு, ஈரம் காயாத தரை.

சில வாரம் போயிருக்கும். ஒரு சாயங்காலம் ஸலேஹா கோயில் வாசலில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அக்கா இங்க வந்தாங்களா?"

"இல்லயே. என்ன ஆச்சு?"

"நேத்திலேருந்து காணோம். ரெண்டு பையும் இல்ல. சாவிய மேசையில வச்சிட்டுப் போய்ட்டாங்க. வெள்ளிக்கிழம மிஸ் சூ பாக்க வராங்க." செருப்பைக் கை மாற்றிக்கொண்டார். "நான் ஒண்ணும் சொல்லல. பன்னியப் பத்தி ஒரு வார்த்த பேசல. அவங்க குடிச்ச கோப்பையக்கூட நானே கழுவிக் கவுத்து வச்சேன்."

தூக்கத்தில் கோப்பையை மூடின அந்தக் கை என் நினைவுக்கு வந்தது. ஏன் வந்தது என்று அப்போது தெரியவில்லை. முருகா, கூடவே வா என்று சொல்லிவிட்டுப் பேருந்து நிலையத்துக்கு நடந்தேன். ஸலேஹா சீருடை மாற்றிக்கொண்டு வருவதாகச் சொன்னார். விமான நிலையத்துக்கு அவர் பேருந்து ஏறுவதும் அங்கேதான்.

கிம் நியோ அக்கா பர்கர் கடையின் மூலையில் கன்னத்தைத் தாங்கி உட்கார்ந்திருந்தார். பைகள் காலடியில். முன்னால் மூடி போட்ட காகிதக் கோப்பை. கண்ணாடிக்கு வெளியே பேருந்துகள் விளக்கோடு மிதந்து போயின.

"ஒக்காரு. ஆனா ஏதாச்சும் வாங்கிட்டு ஒக்காரு" என்றார்.

நானும் ஒரு தேநீர் வாங்கினேன். "ஏங்க்கா வந்துட்டீங்க?"

"போகச் சொல்லிட்டா."

"ஸலேஹாவா?"

"வாயால சொல்லல, நல்ல பொண்ணு. கோப்பையக் கழுவிக் கவுத்து வச்சிட்டா." தன் முன்னால் இருந்த கோப்பையை மெல்ல ஆட்டிக் காட்டினார். உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்டது. "இதுல மிச்சம் இருக்கற வரைக்கும் இங்க யாரும் எழுப்ப மாட்டாங்க. காலியாச்சுன்னா துணியோட ஒரு பையன் வருவான். கோப்பைய எடுத்துக்கிட்டு மேசையத் தொடப்பான். திட்ட மாட்டான், பாவம். தொடப்பான், அவ்ளோதான். நாம எந்திரிச்சிக்கணும்."

"அது கடைக்கா. இது ஒங்க வீடு."

"வீட்டுல கோப்பைய எடுத்தா என்ன அர்த்தம்? எனக்கு மறந்து போச்சு, தெய்வான."

"எறும்பு வந்திருக்கும்கா" என்றேன்.

"அவ்ளோ ஒசரத்துக்கா?"

"இனிப்பு இருந்தா எங்கயும் ஏறும்."

அவர் அதை யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஸலேஹா சீருடையோடு உள்ளே வந்தார். நின்றபடியே பேசினார்.

"அக்கா, ராத்திரி பூரா அடுத்தவங்க போட்ட கோப்பையப் பொறுக்கறேன். வீட்டுக்கு வந்தா கை சும்மா இருக்குமா? அது பாட்டுக்குப் போய்க் கழுவிடுச்சு. ஒங்களப் போகச் சொல்லணும்னா வாயால சொல்ல மாட்டனா?"

"நீ சொல்ல மாட்ட. நீ ரொம்ப நல்லவ."

"நான் ஒண்ணும் நல்லவ இல்ல. எனக்கு வீடு வேணும். மழ வந்தா குடையத் தூக்கிக்கிட்டு ஓடினவ நான். நீங்க வரலன்னா எனக்கும் கதவு இல்லக்கா."

பேருந்து வந்துவிட்டது. ஸலேஹா சாவியைக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஓடினார்.

கிம் நியோ அக்கா சாவியைப் பார்த்தபடி இருந்தார். துணி வைத்திருந்த பையன் ஒருமுறை இந்தப் பக்கம் வந்தான். கோப்பையைத் தூக்கிப் பார்க்காமலே போனான். அப்புறம் அக்கா சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டார். ஒரு பை எனக்கு, ஒரு பை அவருக்கு. மீதித் தேநீரை அங்கே விடவில்லை. இரண்டு கைக்கும் நடுவில் பிடித்து, விளக்கை அணையாமல் கொண்டுபோகிற மாதிரி அத்தனை தூரமும் கொண்டு வந்தார். மின்தூக்கியில் மேலே போகப் போகக் காற்று கடல் வாசனையாக மாறிற்று. வீட்டு மேசையில் கோப்பையை வைத்துவிட்டுத்தான் விளக்கைப் போட்டார்.

மறுநாளிலிருந்து ஸலேஹா வேலைக்கு இறங்கும் முன்னால் ஒரு கோப்பை தேநீரைத் தட்டுப் போட்டு மூடி வைத்துவிட்டுப் போனார். ஆறினதைக் கொட்டிய கையோடு புதிது வைப்பார். வெள்ளிக்கிழமை வந்த மிஸ் சூவுக்கும் ஒரு கோப்பை கிடைத்தது. மடக்கென்று குடித்துவிட்டாள். அவள் எழுந்து கிளம்பும்வரை அக்கா அந்தக் காலிக் கோப்பையையே கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார் என்று ஸலேஹா பிறகு சொல்லிச் சிரித்தார்.

தைப்பூசம் முடிந்த மறுநாள் பஞ்சாமிர்தம் எடுத்துக்கொண்டு போனேன். அக்காவுக்கு அன்று விடுப்பு. கதவைத் திறந்த ஸலேஹா உதட்டில் விரல் வைத்தார். உள்ளே போனதும் என் கண் தானாகத் தொட்டிப் பக்கம் போயிற்று. அக்காவின் கோப்பை கழுவிக் கவிழ்த்திருந்தது. ஸலேஹாவைத் திரும்பிப் பார்த்தேன்.

"நான் தொடல. கடைசிச் சொட்டு வரைக்கும் குடிச்சிட்டு, அவங்களே கழுவி வச்சாங்க" என்று ஸலேஹா கிசுகிசுத்தார்.

சன்னலுக்குக் கீழே கிம் நியோ அக்கா முழு நீளத்துக்குப் படுத்திருந்தார். இத்தனை உயரமானவர் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. பாதம் பாயைத் தாண்டி வெளியே கிடந்தது. கை விரிந்திருந்தது. திரை ஏறி இறங்கியதில் கடல் வெளிச்சம் அவர் மேல் வந்து வந்து போயிற்று. பஞ்சாமிர்தத்தை வைத்துவிட்டு, மயில் எதுவரைக்கும் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தேன்.

ஸலேஹா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கொறட்டை விடுவியான்னு என்னய கேட்டாங்களே" என்றார். "இப்பக் கேளுங்க."