காலி நாற்காலிக்கு ஒரு பில்

எங்கள் ஆஸ்பத்திரியில் பில்லண்ணன் என்றால் வாசலில் நிற்கிற காவலாளிக்கும் தெரியும். பில் போடுகிற ஜன்னலில் அவர், பக்கத்து ஜன்னலில் பெயர் பதிகிறவள் நான். நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு உண்டு, ஆனால் அவர் வாயைத் தடுக்க அதனால் ஆகாது. "என்ன தங்கச்சி, மூஞ்சில ஈயாடல? இன்னைக்கு மச்சான் சமையலா?" என்றுதான் எனக்குப் பொழுதே விடியும்.

செவ்வாய்க்கிழமைதோறும் மாடி அறையில் சர்க்கரை நோயாளிகளுக்கு வகுப்பு. என்ன சாப்பிடலாம், ஊசியை எப்படிப் போட்டுக்கொள்வது, பாதத்தை எப்படிக் கவனிப்பது என்று டீச்சரம்மா சொல்லிக்கொடுப்பாள். அவள் நர்ஸ்தான், வகுப்பெடுப்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. காப்பீட்டுக்காரர்கள் இதற்குப் பணம் தருவார்கள், ஆனால் ஆறு பேராவது உட்கார்ந்திருக்க வேண்டும். ஐந்து பேர் என்றால் அது கூட்டு வகுப்பே இல்லையாம். எந்த மகராசன் எழுதிய விதியோ!

ஒரு பெரியவர் இறந்துபோனதும் ஐந்து பேர்தான் மிஞ்சினார்கள். வகுப்பை மூடினால் டீச்சரம்மாவுக்கு வேலை போகும், பாவம், கைக்குழந்தைக்காரி. "அட, நான் ஒருத்தன் எதுக்கு இருக்கேன்?" என்று பில்லண்ணன் மாடியேறி, பெரியவரின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எப்போதோ எடுத்த பரிசோதனையில் அவருக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்ததாம். அது போதும் என்று தன் பெயருக்கே பில் போட்டார். வகுப்புக்கு முன்னால் எல்லோருக்கும் விரலில் குத்தி அளவு பார்ப்பார்கள். தன் முறை வந்தால், "எனக்கெதுக்கும்மா? நல்ல நம்பரா ஒண்ணு போட்டுக்கோ" என்பார். டீச்சரம்மாவும் சிரித்துக்கொண்டே போட்டுவிடுவாள்.

"வேணாண்ணே, மனசுக்கு என்னமோ மாதிரி இருக்கு" என்றேன்.

"போடி, உனக்கு எதப் பாத்தாலும் பயம்தான்."

மழைக்காலம் வந்தது. மனுஷர் தண்ணீர் பாட்டிலை நிரப்பி நிரப்பிக் குடித்தார். ஜன்னலில் ஆள் நிற்கும்போதே எழுந்து பாத்ரூமுக்கு ஓடினார். பேன்ட் இடுப்பில் நிற்காமல் பெல்ட்டில் புது ஓட்டை போட்டார். திரையில் எழுத்து மங்குகிறது என்று மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடியே இருந்தார். வகுப்பில் அவருக்குப் பக்கத்தில் உட்காரும் லாரி டிரைவர் ஒருநாள் என் ஜன்னலில் குனிந்தார்.

"ஏம்மா, அந்தத் தம்பி சும்மா கணக்குக்குத்தானே உக்கார்றாரு? எனக்கு ஆரம்பத்துல இருந்த அத்தனையும் அவருகிட்ட இருக்கே."

பில்லண்ணனிடம் சொன்னால், "வாராவாரம் சுகர் சுகர்னு கேட்டா உனக்கும்தான் தாகம் எடுக்கும்" என்று சிரிக்கிறார்.

அப்புறம் ஒருநாள் பார்க்கிறேன், வலது காலைச் செருப்பில் நுழைக்காமலே உட்கார்ந்திருக்கிறார். சுண்டுவிரல் ஓரத்தில் புண். வலியே இல்லை என்றார். எனக்குப் பகீரென்றது. வலிக்காத புண்ணை நம்பாதீங்க என்று டீச்சரம்மா கத்துவது படிக்கட்டு வழியாகக் கீழேவரை கேட்குமே! கையைப் பிடித்து இழுக்காத குறையாக டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

டாக்டர் புதிதாக வந்தவர். புண்ணைப் பார்த்தார், பிறகு திரையைப் பார்த்தார். "வாராவாரம் வகுப்புக்கு வர்றீங்க, சுகர் அருமையா இருக்கு. செருப்பு கடிச்சிருக்கும்" என்று களிம்பு எழுதினார்.

அந்த நம்பரெல்லாம் பொய் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லுங்கண்ணே, சொல்லித் தொலைங்க! அவர் வாயைத் திறந்தார். சொன்னால் வகுப்பு போகும், டீச்சரம்மா வேலை போகும், அவர் போட்ட பில் அத்தனையும் அவர் தலையிலேயே விழும். நான் பேச வாயெடுத்ததும் என் கையை அழுத்தினார்.

"தேங்க்ஸ் டாக்டர்" என்று எழுந்துவிட்டார்.

வெளியே வந்ததும் கத்தினேன். "ஒரு பில்லுக்காகக் காலைப் பணயம் வெப்பீங்களா? புத்தி கெட்டுப்போச்சா உங்களுக்கு?"

"மெதுவாப் பேசு. அடுத்த வாரம் வெளியில எங்கயாவது காட்டிக்கறேன்."

அடுத்த வாரம் அவர் வேலைக்கே வரவில்லை. காய்ச்சலில் பினாத்துகிறார் என்று அண்ணி போன் செய்தாள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது பாதம் கறுத்துவிட்டிருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஓடிப்போய்ப் பார்த்தேன். அண்ணி என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஒரு வாரம்கூட விடாம வகுப்புக்குப் போனாரே! அங்க என்னதாண்டி சொல்லிக்கொடுத்தீங்க?"

அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

அவர் இல்லாமல் வகுப்பு நடக்கவில்லை. மழைக்காலம் முடிந்து ஒரு செவ்வாய்க்கிழமை, ஊன்றுகோல்களோடு வந்து நின்றார். நான்தான் பிடித்து மாடியேற்றினேன். அதே நாற்காலி. லாரி டிரைவர் எழுந்து ஊன்றுகோல்களை வாங்கிச் சுவரில் சாய்த்தார். டீச்சரம்மா தலை நிமிராமல், ஊசிப் பெட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

பில்லண்ணன் விரலை நீட்டினார்.

"குத்தும்மா. இன்னைக்குத்தான் ஆறு பேரு."

அவள் குத்தினாள். வந்த நம்பரை அப்படியே எழுதிக்கொண்டாள்.