கிரேக்கக் கல்லுக்குக் காவல்

மியூசியத்தில காவல் நிக்கிறதெண்டால், நாள் முழுக்க பாக்க வாறவைக்குத் தொடாதேங்கோ எண்டு சொல்லிச் சொல்லியே கால் வீங்கிறதுதான் வேலை. நிண்டு சம்பாதிக்கிற ஆக்களே, உங்களுக்குச் சொன்னால் விளங்கும்.

முதல் நாள்

நகரத்துக்கு வெளியில இருந்து ரயில் பிடிச்சு வந்த என்னைக் கிரேக்க மண்டபத்தில விட்டினம். வாசலில ஒரு பளிங்குப் பெண் தெய்வம். நான் மன்னார்க் கத்தோலிக்கன். சுருபத்தைக் கண்டால் கை சும்மா இருக்காது. அவவின்ர காலைத் தொட்டு நெற்றியில சிலுவை போட்டிட்டன். அலாரம் அடிச்சுது. பொறுப்பாளர் கிளேர் மதாம் ஓடி வந்தா. கள்ளன் ஆரெண்டு பார்த்தால், காவல்காரன்! வேலை போச்சுதெண்டுதான் நினைச்சன். அவ என்னை ஒருக்கால் பார்த்திட்டுப் பிரெஞ்சில சொன்னா: "கனகாலமாய் இவவை ஒருத்தரும் கும்பிடேல்லை, மெசியூ. ஆனால் இனித் தொடாதேங்கோ."

சாயம்

என்ர மனிசி ரீற்றா, புற்றுநோய் எண்டு கண்ட பிறகு, ஞாயிற்றுக்கிழமையளில மண்டபத்துக்கு வந்து நீள வாங்கில இருப்பா. ஆசுப்பத்திரிச் சுவரைப் பாக்கிறதிலும் இது மேலாம். வழிகாட்டியள் சொல்லுறதைக் கேட்டு வைச்சு, பெரிய வித்துவான் மாதிரி அவவுக்கு விளக்குவன். இந்தச் சிலையளுக்கு அந்தக் கிரேக்கர் சிவப்பும் நீலமும் பூசினவையாம், மழையிலயும் மண்ணிலயும் கிடந்து சாயமெல்லாம் போயிட்டுதாம். மருந்தால தலைமயிர் கொட்டின அவ, தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு சிரிச்சா. "அப்ப, நிறம் போனாலும் பாக்க ஆள் வரும் எண்டுறியள்."

கைபிடிச்ச கல்

மூலையில ஒரு கல்லறைக் கல். கதிரையில ஒரு மனிசி இருக்கிறா, முன்னால புருசன் நிக்கிறான், ரண்டுபேரும் வலக்கையைப் பிடிச்சிருக்கினம். கதிரையில இருக்கிறவதான் செத்தவ எண்டு ரீற்றாவுக்குச் சொன்னன். ஒப்பாரி இல்லை, நெஞ்சில அடிக்கேல்லை. இவ்வளவு துக்கத்தை இவ்வளவு அமைதியாய்ச் செதுக்க அந்தச் சிற்பிக்கு எப்பிடித்தான் மனம் வந்ததோ! ரீற்றா கனநேரம் பார்த்தா. பிறகு என்னட்டைத் திரும்பினா. "இஞ்சாருங்கோ, நான் போகேக்கை நீங்களும் இப்பிடிக் கையைப் பிடிச்சிருக்கவேணும். வேறை ஒண்டும் வேண்டாம்."

பூட்டின போன்

ஓம் எண்டு சொல்லிப்போட்டன். வேலை நேரத்தில போனைப் பெட்டிக்குள்ள வைச்சுப் பூட்டவேணும், அது சட்டம். அவ ஆசுப்பத்திரியில படுத்த பிறகு ஒருநாள் காலமை, நல்லாய்த்தான் இருக்கிறன், வேலைக்குப் போயிட்டு வாங்கோ எண்டு அவதான் அனுப்பினவ. நானும் நம்பிப் போனன், மடையன். பின்னேரம் பெட்டியைத் திறந்தால் ஆறு மிஸ்ட் கோல். ஆசுப்பத்திரிக்கு ஓடிப்போய்க் கையைப் பிடிச்சன், குளிர்ந்திட்டுது. நேர்ஸ் பிள்ளை மெதுவாய்ச் சொல்லிச்சு: "நான் பிடிச்சிருந்தனான், மெசியூ. நீங்கள் எண்டு நினைச்சா போல."

திரும்பிப் போன நாள்

அவவின்ர முப்பத்தோராம் நாள் பூசை முடிய வேலைக்குப் போனன். நேரே அந்தக் கல்லடிக்குத்தான் போனன். அதில கை வைச்சவையை எத்தினை தரம் ஏசியிருப்பன்! என்ர கை தன்பாட்டில நீண்டு, அந்தக் கல்லு மனிசியின்ர கையைப் பிடிச்சிட்டுது. விட முடியேல்லை, அழுதன். கொஞ்ச நேரம் போகத்தான் அலாரம் அடிக்கேல்லை எண்டு விளங்கிச்சு. திரும்பினால், கிளேர் மதாம் மண்டபக் கதவைச் சாத்திப்போட்டு அதில சாய்ஞ்சு நிக்கிறா. "நான்தான் நிப்பாட்டினனான். பத்து மணிக்குத்தான் சனம் வரும், அதுவரைக்கும் பிடிச்சிருங்கோ."

ஊரையெல்லாம் தொடாதேங்கோ எண்டு தடுத்துச் சம்பளம் வாங்கின நான், தொடச் சொல்லிக் கேட்ட ஒரேயொரு கைக்கு மட்டும் நேரத்துக்குப் போய்ச் சேரேல்லை.